மறைமலைநகர் கணக்கு இன்னும் முடியவில்லை

ஃபோர்டு கார் கம்பெனி மறைமலைநகர் ஆலைக்குத் திரும்பி வருகிறது. 2025 அக்டோபர் 31 அன்று தமிழக அரசோடு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. 3,250 கோடி ரூபாய் முதலீடு, ஆண்டுக்கு 2.35 லட்சம் என்ஜின், 2029இல் உற்பத்தி தொடக்கம், 600 பேருக்கு வேலை என்கிறார்கள். நல்ல சேதிதான். ஆனால் மாலையோடு நிற்கும்போதே பழைய பாக்கியையும் கேட்டுவிட வேண்டும்.

திருமயம் பக்கத்தில் இதைப் பட்டணத்துச் செய்தி என்று யாரும் ஒதுக்குவதில்லை. இங்கே ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்த பையனுக்குத் தெரிந்த வழி இரண்டு. கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கொடுத்துச் சிங்கப்பூர் போவான்; இல்லையென்றால் பையைத் தூக்கிக்கொண்டு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலைநகர் என்று கிளம்புவான். சிங்கப்பெருமாள்கோவிலில் ஒரே அறையில் ஆறு பேர். பகல் ஷிப்ட்காரன் எழுந்த பாயில் நைட் ஷிப்ட்காரன் வந்து விழுவான். தீபாவளிக்கு முதல் நாள் தாம்பரத்தில் சீட் கிடைக்காமல் திருச்சி வரை நின்றுகொண்டே வருவான். அவன் சம்பளத்தை நம்பித்தான் இங்கே ஒரு வீட்டுக்குத் தளம் போட்டிருப்பார்கள், ஒரு தங்கைக்கு நிச்சயம் பண்ணியிருப்பார்கள்.

2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் இனி கார் தயாரிப்பதில்லை என்று ஃபோர்டு அறிவித்தது. பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்பது அவர்கள் சொன்ன காரணம். நட்டத்தில் ஓடும் தொழிலை மூடுவது பாவம் என்று நாம் சொல்லவில்லை. சிறிய கார் வாங்கும் சந்தையை மாருதியிடமும் ஹூண்டாயிடமும் விட்டுவிட்டு, அந்தத் தோல்விக்கான விலையை லைனில் நின்றவன் தலையில் கட்டியதுதான் தவறு. எந்த மாடலை இறக்குவது, என்ன விலை வைப்பது என்று முடிவெடுத்த மேஜையில் அவனுக்கு நாற்காலி கிடையாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இங்கே எண்டெவர் என்று ஓடிய வண்டி, எவரெஸ்ட் என்ற பெயரில் தாய்லாந்தில் தொடர்ந்து தயாராகிறது. வண்டிக்கு ஆயுள் இருக்கிறது. அதைப் பூட்டிய இங்குள்ள கைகளுக்குத்தான் வேலை போனது.

மூடல் அறிவிப்பு வந்த பிறகுதான் செட்டில்மென்ட் பேச்சே சூடுபிடித்தது. எட்டு மாதம் இழுத்து, 2022 மே 30 முதல் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி உட்கார வேண்டியிருந்தது. அந்த ஜூலையில் கடைசி ஈகோஸ்போர்ட் கார் லைனை விட்டு இறங்கியது. குஜராத்தின் சனந்தில் இருந்த ஆலையை டாடா வாங்கி, அங்கிருந்தவர்களுக்கு வேலையும் கொடுத்தது. மறைமலைநகரில் அப்படி யாரும் வரவில்லை. சுமார் 2,600 பெர்மனன்ட் தொழிலாளர்கள் கணக்கை முடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். அவர்களுக்காவது சங்கம் இருந்தது, ஒரு தொகை கிடைத்தது. வெண்டர் கம்பெனியில் ரப்பர் பீடிங் வெட்டியவன், கேன்டீனில் பரிமாறியவர், கம்பெனி பஸ் ஓட்டியவர் எந்தப் பட்டியலிலும் வரவில்லை. நம்மூர்ப் பையன்களில் பெரும்பாலோர் அந்தப் பட்டியலில்லாக் கூட்டம்தான்.

கம்பெனியை மட்டும் குற்றம் சொல்லி அரசுகளைத் தப்பவிடக் கூடாது. 1990களில் ஃபோர்டு வந்தபோது மாநிலங்கள் போட்டி போட்டு விற்பனை வரிச் சலுகையை அள்ளி நீட்டின. அது நம் பணம். நம்மூர்ப் பெட்டிக்கடையில் தீப்பெட்டி வாங்குகிறவர் கொடுத்த வரியும் அதில் சேர்த்தி. சலுகை வாங்கியவர் போகும்போது எவ்வளவு நாள் முன்னே சொல்ல வேண்டும், யார் யாருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று வரும்போதே எழுதி வாங்கியிருக்க வேண்டும். நோக்கியா 2014இல் ஸ்ரீபெரும்புதூர் ஆலையை மூடிய பிறகாவது புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இப்போது சட்டமும் இளகிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத்தொகுப்பின்படி, 300 பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் ஆலையை மூட அரசின் முன் அனுமதி தேவையில்லை. முன்பு அந்த எல்லை 100. பெரிய கம்பெனி கிளம்பினால் முதலில் விழுவது 150 பேர், 200 பேர் வைத்திருக்கும் வெண்டர் ஆலைகள். அவை கதவைச் சாத்தும்போது கேட்பதற்கு ஆள் இல்லை. சட்டப்படி கிடைப்பது வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சம்பளம். மூன்று வருஷம் காண்ட்ராக்டில் உழைத்தவனுக்கு அது எத்தனை மாத வாடகைக்குக் காணும்?

இதற்கு மாற்று நம் கண்ணெதிரே இருக்கிறது. 2013 ஆகஸ்டில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் நாட்டுக்கு அர்ப்பணித்த, பொதுத்துறை நிறுவனமான பெல்லின் குழாய் ஆலை திருமயத்தில்தான் நிற்கிறது. திருவெறும்பூரில் பெல் வந்தது காமராசர் காலத்தின் முயற்சி.  பொதுத்துறையிலும் ஆர்டர் குறையும், காண்ட்ராக்ட் முறையின் கோளாறுகள் அங்கும் உண்டு. ஆனால் ஒரு நாள் காலையில் அமெரிக்காவிலிருந்து வரும் ஓர் அறிக்கையால் அது தாய்லாந்துக்குப் போய்விடாது. தனியார் முதலீடே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். ஊருக்குப் பொறுப்புச் சொல்லும் ஆலை என்று ஒன்று இருக்க முடியும் என்பதற்கு இந்த வட்டாரமே சாட்சி.

ஆகவே ஃபோர்டுக்கு ஒரு கேள்வி: 2029இல் எடுக்கப்போகும் அந்த 600 பேரில், 2022இல் அனுப்பப்பட்டவர்களுக்கு முன்னுரிமை உண்டா? கைப்பழக்கம் உள்ளவர்கள், அதே வளாகத்தில் என்ஜின் பூட்டியவர்கள் அவர்கள். தமிழக அரசுக்கு ஒரு கோரிக்கை: இந்த ஒப்பந்தத்தில் தரப்பட்ட சலுகைகள் என்ன, கம்பெனி மறுபடியும் கிளம்பினால் அவற்றில் எவ்வளவு திரும்ப வரும், வெண்டர் ஆலைகளின் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு எந்தப் பிரிவில் பாதுகாப்பு எழுதப்பட்டிருக்கிறது என்பதைத் தொழில்துறை அமைச்சர் சட்டமன்றத்தில் பக்கம் பக்கமாக வாசிக்க வேண்டும். அப்படி ஒரு பிரிவே இல்லையென்றால், என்ஜின் ஆலைக்கு ஆள் எடுக்கும் முன் அதை எழுதிச் சேர்க்க 2029 வரை அவகாசம் இருக்கிறது.