டீக்கடைக்காரர் கட்டிய கம்ப்யூட்டர்

லண்டன் மாநகரத்தின் மேற்குப் பகுதியில், ஹாமர்ஸ்மித் என்னும் பேட்டையில், கேட்பி ஹால் என்று ஒரு பெரிய கட்டடத் தொகுதி இருந்தது. ரொட்டி சுடும் அடுப்புகளும், கேக் தயாரிக்கும் கூடங்களும், அவற்றுக்கெல்லாம் கணக்கெழுதும் குமாஸ்தாக்கள் வரிசை வரிசையாக அமர்ந்திருந்த காரியாலயங்களும் சேர்ந்திருந்த அந்த இடம் ஜே. லயன்ஸ் கம்பெனியாருக்குச் சொந்தம். 1894-இல் பிக்காடிலி வீதியில் முதல் டீக்கடையைத் திறந்து, பிறகு நகரமெங்கும் கிளைகளைப் பரப்பிய இந்த ஸ்தாபனம், 1951-ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில், தன் ரொட்டிக்கும் கேக்குக்கும் வாராவாரம் மதிப்புப் போடும் வேலையை, தானே கட்டிய ஒரு மின்னணு யந்திரத்திடம் நிரந்தரமாக ஒப்படைத்தது. ஒரு வியாபாரக் காரியாலயத்தின் அன்றாட வேலையைக் கம்ப்யூட்டர் ஏற்றுச் செய்தது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை என்பது சரித்திரம் எழுதியோர் பொதுவாக ஒப்புக்கொள்ளும் விஷயம்.

தகவல் தொழில்நுட்பம் வியாபாரத்தில் புதுமையைப் புகுத்துகிறது என்ற வாக்கியத்தை இப்போதெல்லாம் மேடைகளிலும் விளம்பரங்களிலும் ஓயாமல் கேட்கிறோம். அந்த வாக்கியத்தின் எழுவாயில் எனக்கு நெடுநாளாகச் சந்தேகம் உண்டு. யந்திரம் வந்து புதுமையைக் கொணர்ந்ததா, அல்லது தன் தொழிலை நுணுகிப் பார்த்த ஒருவர் தமக்கு வேண்டிய யந்திரத்தைத் தேடிப் போனாரா என்று பார்த்தால், லயன்ஸ் கம்பெனியின் கதை இரண்டாவது பக்கமே சாட்சி சொல்கிறது.

டீக்கடைக்காரருக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்பது நியாயம்தான். கப்பல் கட்டுகிறவர் வருஷத்துக்கு நாலைந்து பில் எழுதுவார். அதில் ஒன்றில் வரும் லாபத்தைக் கொண்டே பத்துக் குமாஸ்தாக்களுக்குப் படியளந்துவிடலாம். ஒரு கோப்பைத் தேநீரிலும் ஒரு பன்னிலும் பென்னியில் ஒரு சிறு பின்னம் மாத்திரமே மிஞ்சுகிற வியாபாரத்திலோ, அந்தக் கோப்பைக்கும் பன்னுக்கும் கணக்கெழுதுகிற கூலியே லாபத்தைத் தின்றுவிடும். இதை நன்றாக உணர்ந்தவர் ஜான் சிம்மன்ஸ். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் கணிதத்தில் உயர்ந்த தேர்ச்சி பெற்று, 1923-இல் கம்பெனியில் சேர்ந்தவர். இந்தக் காகிதம் எங்கே பிறக்கிறது, எத்தனை மேஜைகளைக் கடக்கிறது, கடைசியில் யார் அதைப் படித்து என்ன முடிவு செய்கிறார், ஒருவரும் படிப்பதில்லையென்றால் அதை எழுதுவானேன் என்று ஆராய்வதற்கென்றே 1930-களில் அங்கே ஒரு தனிப் பிரிவு இயங்கியது. கம்ப்யூட்டர் என்ற யந்திரம் உலகில் தோன்றுவதற்கு முன்னரே, அதனிடம் கேட்க வேண்டிய கேள்விகளை லயன்ஸ் காரியாலயத்தார் தயாரித்துவிட்டார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

1947-இல் தாம்ஸன், ஸ்டாண்டிங்ஃபோர்ட் என்ற இரண்டு நிர்வாகிகளை, அமெரிக்கக் காரியாலயங்களின் நடைமுறைகளைப் பார்த்து வருமாறு கம்பெனி அனுப்பிற்று. பிரின்ஸ்டன் நகரில் ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் என்ற கணித அறிஞரைச் சந்தித்தபோது, அவர் புதிய மின்னணுக் கணக்கு யந்திரங்களைப் பற்றி விரிவாகப் பேசிவிட்டு, உங்கள் கேம்பிரிட்ஜிலேயே மாரிஸ் வில்க்ஸ் என்பவர் இப்படி ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறாரே என்றாராம். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். ஊர் திரும்பியவர்களின் சிபாரிசின் பேரில் கம்பெனி கேம்பிரிட்ஜுக்குச் சில ஆயிரம் பவுன் நன்கொடையும், உதவிக்கு ஓர் ஊழியரையும் கொடுத்தது. 1949 மே மாதத்தில் வில்க்ஸின் எட்சாக் யந்திரம் முதல் கணக்கைப் போட்டு முடித்ததும், அதை மாதிரியாகக் கொண்டு தனக்கென ஒன்றைக் கட்டத் துணிந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் லியோ. லயன்ஸ் மின்னணுக் காரியாலயம் என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்.

ஏறத்தாழ ஆறாயிரம் வால்வுகளும், ஞாபகசக்திக்காகப் பாதரசம் நிரப்பிய நீண்ட குழாய்களும் கொண்ட அந்த யந்திரத்தைக் கட்டியவர் ஜான் பிங்கர்டன் என்ற இளம் பொறியாளர். எனினும், பிங்கர்டனின் சாமர்த்தியத்தைவிட, யந்திரத்துக்கு வேலை வகுத்துக் கொடுக்கும் பொறுப்பை ஏற்ற டேவிட் கேமினர் என்பவரின் பொறுமையே என்னைக் கவர்கிறது. 1936-இல் நிர்வாகப் பயிற்சிக்காகக் கம்பெனியில் சேர்ந்த அவர், அந்தக் காரியாலயத்தின் பழக்கவழக்கங்கள் அனைத்தையும் அறிந்தவர். யந்திரத்துக்குக் கட்டளை எழுதுகிறவர்களில் பலரையும் கம்பெனி தன் ஊழியர்களிலிருந்தே பரீட்சை வைத்துப் பொறுக்கி எடுத்தது. வேலை தெரிந்தவருக்கு யந்திரத்தைக் கற்பிப்பது, யந்திரம் தெரிந்தவருக்கு வேலையைக் கற்பிப்பதைவிட எளிது என்பதை அவர்கள் கண்டுகொண்டிருக்க வேண்டும். நம்மூரில் இன்றும் இது தலைகீழாகவே நடக்கிறது. அவசரமும் அவர்களிடம் இல்லை. ரொட்டிக் கணக்கு தவறினால் மறுநாள் திருத்திக்கொள்ளலாம். தொழிலாளியின் சம்பளம் தவறினால் அவர் வீட்டில் அடுப்பெரியாது. ஆகவே யந்திரத்தை முழுவதும் நம்பலாம் என்று நிச்சயமாகும் வரையில், இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்த பிறகே சம்பளப் பட்டுவாடாவை அதனிடம் விட்டார்கள். தேர்ந்த குமாஸ்தா எட்டு நிமிஷத்தில் போட்டு முடிக்கும் ஒருவரின் சம்பளக் கணக்கை லியோ ஒன்றரை விநாடியில் முடித்தது.

ஒன்றரை விநாடி என்ற எண்ணைக் கேட்டு எல்லோரும் வியக்கிறார்கள். எனக்கென்னவோ, 1954-இல் அவர்கள் டீக்கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் முறையை மாற்றியமைத்த விதமே இந்தக் கதையின் உயிர்நிலையாகத் தோன்றுகிறது. நூற்றைம்பதுக்கு மேற்பட்ட டீக்கடைகளின் மேலாளர்கள், பெரும்பாலும் பெண்மணிகள், மறுநாளைக்கு வேண்டிய பண்டங்களை நாள்தோறும் படிவங்களில் எழுதி அனுப்புவதும், அவற்றைக் குமாஸ்தாக்கள் கூட்டிப் பிரித்து அடுப்படிக்கும் வண்டிகளுக்கும் பட்டியல் எழுதுவதும் வழக்கமாயிருந்தது. அந்தப் படிவங்களை அப்படியே யந்திரத்துக்கு ஊட்டியிருந்தால், பழைய சிரமமே சற்று வேகமாக நடந்திருக்கும், அவ்வளவுதான். கேமினரும் அவருடைய சகாக்களும், ஒரு கடையின் இந்தத் திங்கட்கிழமைத் தேவை சென்ற திங்கட்கிழமைத் தேவையிலிருந்து அதிகம் வேறுபடுவதில்லை என்பதைக் கவனித்து, கிழமைக்கு ஒன்றாக ஒவ்வொரு கடைக்கும் ஒரு நிலையான பட்டியலைத் துளையட்டைகளில் பதித்து வைத்துவிட்டு, மேலாளர் தொலைபேசியில் மாறுதலை மட்டும் சொன்னால் போதும் என்று ஏற்பாடு செய்தார்கள். அவர் சொல்லச் சொல்ல, மறுமுனையில் காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டிருந்த பெண் அதை நேரே அட்டையில் துளையிடுவாள். மழை பெய்தால் ஐஸ்கிரீமைக் குறை, ஊரில் கொண்டாட்டமென்றால் பன்னைக் கூட்டு. மாறாததை யந்திரம் நினைவில் வைத்துக்கொண்டது. மாறுவதை மட்டும் மனுஷி யோசித்தாள். பிற்பாடு தேயிலை இருப்பையும் கலவையையும் கணக்கிடும் வேலைகூட லியோவுக்கு வந்தது. இங்கிலாந்து அக்காலத்தில் குடித்த தேயிலையில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனதாகையால், அந்த யந்திரம் எண்ணிய பெட்டிகளில் மலையகத் தமிழர் கைகள் கொய்த இலையும் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இவ்வளவு அறிவோடு நடந்த கம்பெனி அமோகமாக வாழ்ந்ததா என்றால், இல்லை. லியோவைப் பிறருக்கும் செய்து விற்க 1954-இல் ஒரு தனிக் கம்பெனி தொடங்கினார்கள். ஃபோர்டு மோட்டார் போன்ற பெரியவர்களும் தங்கள் சம்பளக் கணக்கை அவர்களிடம் கொடுத்தார்கள். ஆனால் ஐபிஎம் கொட்டிய முதலுக்கு ஈடாகக் கொட்ட டீயும் கேக்கும் விற்ற பணம் போதவில்லை. 1963-இல் லியோ வேறொரு கம்பெனியோடு இணைந்தது. லயன்ஸும் 1970-களில் வெளிநாட்டு நாணயத்தில் கடன் வாங்கி அகலக்கால் வைத்து, பவுனின் மதிப்பு சரிந்தபோது தாங்க முடியாமல், 1978-இல் ஒரு மதுபானக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. கணக்குப் போடும் யந்திரம் கடன் வாங்காதே என்று யாரையும் தடுப்பதில்லை.

சென்ற ஆண்டு பண்டிகைக்காலத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டருக்குக் குறைவே இல்லாத கடை. வேஷ்டியை எடுத்துக் கொடுத்தவர் அதன் பார்கோடைக் கருவியில் காட்டிவிட்டு ஒரு துண்டுச் சீட்டும் எழுதினார். பில் போடுமிடத்தில் அதையே மறுபடியும் தட்டினார்கள். பணம் கட்டுமிடத்தில் முத்திரை குத்தினார்கள். பொருள் தருமிடத்தில் ஒருவர் அதை இன்னொரு திரையில் சரிபார்த்துவிட்டு நோட்டிலும் எழுதிக்கொண்டார். வயதானவர்களுக்குரிய சுதந்திரத்தோடு ஒவ்வொரு மேஜையிலும் இது எதற்கு என்று கேட்டேன். “சாஃப்ட்வேர் அப்படித்தான் கேக்குது சார்” என்பதே ஏறக்குறைய எல்லோருடைய பதிலும். வாசலில் பில்லில் துளையிட்ட காவலாளியிடமும் கேட்டேன். “அதே பில்லைக் காட்டி வேற ஒரு பொருளை எடுத்துட்டுப் போயிடக் கூடாதில்லைங்களா” என்றார். தான் செய்யும் காரியத்தின் நோக்கம் அந்தக் கடையில் அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. அவர் கையில் கம்ப்யூட்டர் இல்லை.

வெளியே வந்து தெருமுனை டீக்கடையில் நின்றேன். 2016-இல் யுபிஐ வந்தபின் ஒட்டப்பட்ட கியூஆர் அட்டை, நீராவி பட்டு ஓரம் சுருண்டு, பாய்லருக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்கு அருகில் இருந்தது, வந்த பணத்தை உரக்கச் சொல்லும் ஒரு சிறு பெட்டி. டீ ஆற்றுகிறவருக்கு இரண்டு கைகளும் வேலையில் இருக்கும், கண் கிளாஸில் இருக்கும், ஆதலால் பணம் வந்ததா என்று போனை எடுத்துப் பார்க்க அவரால் முடியாது, காது மட்டுமே சும்மா இருக்கிறது என்பதை யாரோ ஒருவர் கடை வாசலில் நின்று கவனித்திருக்கிறார். நான் பணம் அனுப்பியதும் பதினைந்து ரூபாய் வந்துவிட்டதென்று பெட்டி தமிழில் அறிவித்தது. மாஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை. தலையை மட்டும் அசைத்துவிட்டு அடுத்த கிளாஸைக் கழுவ எடுத்தார்.