யாருக்கு இந்தத் தலைவர்கள்?

கல்லூரிப் படிப்பை முடித்து வெளியே வரும் இளைஞர்களை, "வாருங்கள், உங்களைத் தலைவர்களாக்குகிறோம்!" என்று பெரிய கம்பெனிகள் அழைக்கின்றன. இதற்குத் 'தலைமைப் பயிற்சித் திட்டம்' என்று பெயர். சில மாதம் ஓர் இலாகா, சில மாதம் இன்னோர் இலாகா என்று சுற்ற விடுகிறார்கள். ஐந்தாறு பேரை ஒரு குழுவாகச் சேர்த்து, கம்பெனியின் ஏதாவதொரு பிரச்னையை ஒப்படைத்து, பரிகாரம் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். கடைசியில் மேலதிகாரிகள் முன்னிலையில் அறிக்கை வாசிப்பு, கைதட்டல், சான்றிதழ்.

வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடும் நாட்டில், இந்த அழைப்பைக் கேட்டு ஓர் இளைஞர் மகிழ்ந்தால் அவரை நாம் குறை கூற மாட்டோம். ஆனால் ஒரு கேள்வியை அவர் முன் வைக்க விரும்புகிறோம். தலைவர் என்றால் யாருக்குத் தலைவர்? சங்கத்தின் தலைவரைத் தொழிலாளர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். சரியில்லை என்றால் இறக்கியும் விடுகிறார்கள். கம்பெனி தயாரிக்கும் தலைவரை யார் தேர்ந்தெடுத்தார்கள்? அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்?

இதற்குச் சரித்திரமே பதில் சொல்கிறது. இத்தகைய பயிற்சிகளுக்கெல்லாம் முன்மாதிரி என்று முதலாளித்துவப் பத்திரிகைகள் பல்லாண்டுக் காலம் போற்றி வந்தது அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியை. அந்த அமெரிக்காவையே எடுத்துக் கொள்வோம்.

ஃபோர்மன்களின் சங்கம்

1941-ல் டெட்ராய்ட் நகரில், ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலையின் ஃபோர்மன்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் கண்டார்கள். தொழிலாளியை விரட்டி வேலை வாங்குவதற்காக வைக்கப்பட்டவர்களே, தாங்களும் சம்பளத்துக்கு உழைப்பவர்கள்தான் என்று உணர்ந்தார்கள். சங்கம் மற்றத் தொழிற்சாலைகளுக்கும் பரவியது. பக்கார்டு மோட்டார் கம்பெனி இதை எதிர்த்து வழக்காடியது. 1947 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட், ஃபோர்மன்களுக்கும் சங்க உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது.

முதலாளிகள் சும்மா இருப்பார்களா? மூன்றே மாதத்தில் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் வந்தது. ஜனாதிபதி ட்ரூமனின் மறுப்பையும் மீறி அமெரிக்கக் காங்கிரஸ் அதை நிறைவேற்றியது. மேற்பார்வையாளர்களுக்குச் சட்டம் அளித்து வந்த சங்கப் பாதுகாப்பு பறிபோயிற்று.

சட்டத்தால் பிரித்தாயிற்று. மனத்தால் பிரிப்பது எப்படி? அதற்கு ஒரு பள்ளிக்கூடம் தேவைப்பட்டது.

ஹட்ஸன் நதிக்கரைப் பள்ளி

1946-ல் ஜெனரல் எலக்ட்ரிக் தொழிலாளர்கள் நாடு தழுவிய வேலை நிறுத்தம் செய்து, மணிக்குப் பதினெட்டரை சென்ட் கூலி உயர்வு பெற்றார்கள். கம்பெனி இதை மறக்கவில்லை. தொழிலாளர் விவகாரம் லெமுவேல் பூல்வேர் என்ற அதிகாரியின் கைக்குப் போயிற்று. அவருடைய முறை என்ன? பேச்சு வார்த்தையில் ஒரே ஒரு முடிவை வைப்பது. இஷ்டமிருந்தால் ஏற்றுக் கொள், இல்லாவிட்டால் போ என்று நிற்பது. சங்கத்தைத் தாண்டித் தொழிலாளியின் வீட்டுக்குள்ளேயே பிரசாரம் செய்வது. இது நேர்மையான பேச்சு வார்த்தை அல்ல என்று அமெரிக்கத் தேசியத் தொழிலுறவு போர்டே 1964-ல் கூறும்படி ஆயிற்று.

இந்தச் சூழ்நிலையில்தான், 1956-ல், நியூயார்க் நகருக்கு வடக்கே ஹட்ஸன் நதியோரம், க்ரோட்டன்வில் என்னுமிடத்தில் மானேஜர்களுக்கென்றே கம்பெனி ஒரு கல்லூரியைத் திறந்தது.

அந்தக் கல்லூரியின் புகழ் உச்சத்துக்குப் போனது ஜாக் வெல்ச் காலத்தில். அவர் 1981-ல் தலைமை நிர்வாகியானார். 1980 முடிவில் கம்பெனியில் 4,11,000 பேர் வேலை செய்தார்கள். 1985 முடிவில் 2,99,000 பேர்தான். விற்கப்பட்ட பிரிவுகளோடு போனவர்கள் ஒரு பகுதி. ஆட்குறைப்புக்கு இரையானவர்களே பெரும்பகுதி. கட்டடத்தை விட்டு விட்டு மனிதரை மட்டும் அழிக்கும் குண்டின் பெயரால் 'நியூட்ரான் ஜாக்' என்று அவரை அழைத்தார்கள். அதே வருஷங்களில் தலைமை அலுவலகத்துக்கு உடற்பயிற்சிக் கூடம், விருந்தினர் விடுதி, மகாநாட்டு மண்டபம் கட்டவும், க்ரோட்டன்வில்லைப் புதுப்பிக்கவும் ஏறக்குறைய 7.5 கோடி டாலர் செலவிட்டதாக அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தொழிலாளிக்கு இல்லாத பணம் தலைவர்களைத் தயாரிக்க இருந்தது!

அங்கேதான் குழுத் திட்டங்கள் செழித்தன. மானேஜர்கள் குழு குழுவாகக் கம்பெனியின் உண்மையான பிரச்னைகளை ஆராய்ந்து, மேலிடத்துக்கு அறிக்கை கொடுத்தார்கள். எந்தச் சந்தையில் புகலாம், எங்கே செலவைக் குறைக்கலாம் என்பவை கேட்கத் தகுந்த கேள்விகள். லாபம் யாருக்குப் போகிறது, வேலையை விட்டுத் துரத்தப்பட்டவன் குடும்பம் என்ன ஆயிற்று என்ற கேள்விகளை எந்தக் கம்பெனியாவது தன் குழுவிடம் கொடுக்குமா?

மானேஜர்களாவது தப்பினார்களா? அதுவும் இல்லை. தன் கீழுள்ளவர்களை ஒவ்வொருவரும் மேல் 20, நடு 70, கடை 10 சதவீதம் என்று தரம் பிரிக்க வேண்டும். கடைசிப் பத்து சதவீதம் வெளியேற வேண்டும் என்பது வெல்ச்சின் விதி. வகுப்பில் "நாம் எல்லோரும் ஒரே குழு" என்ற பாடம். வருஷக் கடைசியில் குழுவிலிருந்து யாரைத் தள்ளுவது என்ற பரீட்சை! இந்த முறை 'பெல் கர்வ்' என்ற பெயரில் நம் நாட்டு ஐ.டி. கம்பெனிகளுக்கும் வந்து சேர்ந்ததை நம் இளைஞர்கள் அனுபவத்தில் அறிவார்கள்.

முடிவு என்ன? 2018-ல் ஜெனரல் எலக்ட்ரிக், டௌ ஜோன்ஸ் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் அதை மூன்று கம்பெனிகளாகத் துண்டாடும் வேலை முடிந்தது. அதே வருஷம் க்ரோட்டன்வில் பள்ளியும் விற்கப்பட்டது. தலைமைக்கு உலக குரு என்று பெயரெடுத்த கம்பெனி தன்னையே காப்பாற்றிக் கொள்ள முடியவில்லை.

பட்டமும் பாதுகாப்பும்

இது அமெரிக்கக் கதைதானே என்று யாரும் ஒதுக்கி விட வேண்டாம். நம் நாட்டுத் தொழில் தகராறு சட்டம் 1956-ல் திருத்தப்பட்ட போது, நிர்வாகப் பொறுப்பு வகிப்பவர் 'தொழிலாளி' என்ற வரையறைக்கு வெளியே நிறுத்தப்பட்டார். 2020-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அந்த விலக்கு அப்படியே இருக்கிறது. ஆகவே 'மானேஜர்' என்ற பட்டம் வெறும் அலங்காரமல்ல. அதைக் காட்டியே, வேலை நீக்கத்தின் போது சட்டப் பாதுகாப்பு உனக்கில்லை என்று கம்பெனி வாதாட முடியும். பட்டப் பெயரைப் பார்க்கக் கூடாது, செய்யும் வேலையைத்தான் பார்க்க வேண்டும் என்று நம் கோர்ட்டுகள் பலமுறை கூறியிருப்பது உண்மைதான். ஆனால் அதை நிரூபிக்கக் கோர்ட்டுப் படியேறி வருஷக் கணக்கில் அலைய வேண்டியவர் யார்? வேலை இழந்த இளைஞர்தான்.

தொழிலாளர் போட்ட திட்டம்

"அப்படியானால் நிர்வாகக் கலையே வேண்டாமா? கூடி வேலை செய்யப் பழகுவது தவறா?" என்று கேட்கலாம். நாம் அப்படிச் சொல்லவில்லை. டெய்லர் முறையில் கொடுமையும் உண்டு, விஞ்ஞானமும் உண்டு, அந்த விஞ்ஞானத்தைக் கற்க வேண்டும் என்று 1918-ல் லெனினே எழுதினார். பெரிய தொழிற்சாலையை நடத்தத் திறமை வேண்டும். அந்தத் திறமை யாருக்குப் பயன்பட வேண்டும் என்பதே பிரச்னை.

கூட்டு முயற்சிக்கு உண்மையான உதாரணம் வேண்டுமா? சென்னைப் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலையை அறிந்தவர்களுக்கு லூகாஸ் என்ற பெயர் புதிதல்ல. பிரிட்டனில் அதே லூகாஸ் குழுமத்தின் விமானக் கருவிப் பிரிவில் ஆட்குறைப்பு அபாயம் வந்த போது, 17 இடங்களைச் சேர்ந்த தொழிற்சங்கப் பிரதிநிதிகள் ஒன்று கூடினார்கள். பொறியாளரும், வரைபடக்காரரும், பட்டறைத் தொழிலாளியும் சேர்ந்து 1976 ஜனவரியில் ஒரு மாற்றுத் திட்டத்தை வெளியிட்டார்கள். ராணுவக் கருவிகளுக்குப் பதிலாக மக்களுக்குப் பயன்படும் சுமார் 150 பொருள்களை அதில் எடுத்துரைத்தார்கள்: சிறுநீரக நோயாளிக்கு இயந்திரம், வீட்டுக்கு வெப்பம் தரும் பம்பு, பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் இயந்திரம், சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடும் வண்டி.

நிர்வாகம் என்ன செய்தது? நிராகரித்தது! முன்னணியில் நின்ற பொறியாளர் மைக் கூலி 1981-ல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பெட்ரோலும் மின்சாரமும் கலந்து ஓடும் கார்களை இன்று உலகமெங்கும் பல கம்பெனிகள் விற்கின்றன. தொழிலாளர் குழு சொன்ன போது அது வேண்டாததாக இருந்தது.

இளம் மானேஜர்களே! படியுங்கள், தொழிலைக் கற்றுக் கொள்ளுங்கள். ஆனால் உங்கள் குழுவிடம் தரப்படும் கணக்கில் 'செலவு' என்று எழுதியிருக்கும் இடத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை மறவாதீர்கள். அறிக்கை எழுதும் முன் அவர்களோடு பேசுங்கள். நீங்களும் மாதச் சம்பளத்தை நம்பி வாழ்பவர்கள்தான். நாளைக்கு அந்தக் கடைசிப் பத்து சதவீதத்தில் உங்கள் பெயர் வந்தால், சான்றிதழ் கொடுத்தவர்கள் துணைக்கு வர மாட்டார்கள். டெட்ராய்ட் ஃபோர்மன்கள் 1941-ல் கண்டறிந்த உண்மை உங்களுக்கும் பொருந்தும். உங்கள் இடம் தொழிலாளர்களின் பக்கத்தில்தான்!