இசைக்குழுவை நேரில் சந்திக்க ஆசையா? வாசல் எது, வலை எது?

2024 ஜனவரியில் கரூர் மாவட்டத்தைச் சேர்ந்த 8-ம் வகுப்பு மாணவிகள் மூன்று பேர் வீட்டில் சொல்லாமல் கிளம்பினார்கள். கையில் இருந்தது சுமார் 14,000 ரூபாய். போக நினைத்த இடம் தென்கொரியாவின் சியோல். பார்க்க நினைத்தது பிடிஎஸ் குழுவை. விசாகப்பட்டினம் போய் அங்கிருந்து கப்பல் ஏறிவிடலாம் என்பது திட்டம். சென்னை வரை போனவர்கள், மனம் மாறி ஊர் திரும்பும் வழியில் காட்பாடி ரயில் நிலையத்தில் மீட்கப்பட்டார்கள்.

செய்தி வந்ததும் சமூக வலைதளங்களில் கேலிதான் அதிகம். ஆனால் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. அந்த மாதம் பிடிஎஸ் குழுவின் ஏழு பேருமே கட்டாய ராணுவ சேவையில் இருந்தார்கள். மாணவிகள் சியோலுக்கே போய்ச் சேர்ந்திருந்தாலும் யாரையும் பார்த்திருக்க முடியாது. ஆசை அவர்களிடம் நிறைய இருந்தது. சரியான தகவல் சொல்லத்தான் ஆள் இல்லை.

பிரச்சினை இங்குதான் தொடங்குகிறது. ஒரு இசைக்குழுவைச் சந்திக்க எந்தெந்த வழிகள் உண்டு, எது இல்லை என்பதை நிகழ்ச்சி நடத்துபவர்கள் வெளிப்படையாகச் சொல்வதே இல்லை. சொல்லாமல் விட்ட இடத்தில் மோசடிக்காரரும் கூட்ட நெரிசலும் வந்து நிற்கிறார்கள்.

கடையநல்லூரில் இருந்து பார்த்தால்...

தென்காசி மாவட்டத்துக் கிராமங்களுக்குக் கலைஞரைச் சந்திப்பது புதிய விஷயமே இல்லை. கோயில் கொடையில் வில்லுப்பாட்டோ, நையாண்டி மேளமோ, மெல்லிசைக் கச்சேரியோ நடந்தால் பாடகர் எட்டும் தூரத்தில்தான் இருப்பார். பிடித்த பாட்டைத் துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பலாம். பத்து ரூபாய் அன்பளிப்பு கொடுத்தால் மைக்கில் பெயர் சொல்வார்கள். நாகூர் ஹனிபா பாணி இஸ்லாமியப் பாடல் கச்சேரிகளிலும் இதே கதைதான். கச்சேரி முடிந்தால் சால்வை போட்டு, கை கொடுத்து, நாலு வார்த்தை பேசிவிட்டு வரலாம்.

இன்று அதே ஊரின் பிள்ளைகள் கேட்பது செல்போனில். பிடித்த குழு சென்னைக்கு வந்தாலும் நடுவில் 600 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. பொதிகை எக்ஸ்பிரஸில் ஓர் இரவு போக, ஓர் இரவு வர. டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் தனி. ‘இவ்வளவு தூரம் வந்துட்டோம், ஒரு போட்டோவாவது எடுத்துட்டுப் போயிடணும்’ என்ற ஏக்கம், நகரத்துக்காரரைவிட இவர்களுக்குத்தான் அதிகம். ஏமாறும் வாய்ப்பும் இவர்களுக்குத்தான் அதிகம்.

என்னென்ன வழிகள் உண்டு?

முதல் வழி, காசு கொடுத்துச் சந்திப்பது. ‘மீட் அண்ட் கிரீட்’ என்ற பெயரில் விற்பார்கள். பெரும்பாலும் வரிசையில் நின்று, ஒரு ஹாய், ஒரு போட்டோ, அடுத்த ஆள். அவ்வளவுதான். 2014-ல் கனடா பாடகி ஆவ்ரில் லவீனின் பிரேசில் நிகழ்ச்சியில், சில நூறு டாலர் கொடுத்த ரசிகர்கள் அவரைத் தொடக்கூடாது என்று தள்ளி நிறுத்தப்பட்டார்கள். நடுவில் பெரிய இடைவெளியோடு எடுத்த அந்தப் படங்கள் உலகம் முழுக்கச் சிரிப்பாயின. காசு கட்டும் முன் என்ன கிடைக்கும் என்று வரிவரியாகப் படிப்பது அவசியம்.

இரண்டாவது, ‘சவுண்ட் செக்’ டிக்கெட். நிகழ்ச்சிக்கு முன் குழு ஒலியைச் சரிபார்க்கும் நேரத்தில் உள்ளே இருந்து பார்க்கலாம். கே-பாப் குழுக்களிடம் இது சகஜம். ஆனால் இதில் சேர்ந்து போட்டோ எடுப்பது பொதுவாகக் கிடையாது.

மூன்றாவது, குலுக்கல். கொரியக் குழுக்களின் ‘ஃபேன்சைன்’ நிகழ்ச்சிக்கு ஆல்பம் வாங்கியவர்களில் இருந்து ஆட்களைத் தேர்வு செய்வார்கள். நிறைய ஆல்பம் வாங்கினால் வாய்ப்பு கூடும் என்பதால் இது பர்ஸைக் காலி செய்துவிடும் வழியும்கூட. இதற்கு நேர்மாறாக டெய்லர் ஸ்விஃப்ட் செய்த ஒரு காரியம் உண்டு. சில உலகச் சுற்றுப்பயணங்களில் அவருடைய அம்மாவும் குழுவினரும் கூட்டத்துக்குள் நடந்து ரசிகர்களைத் தேர்ந்தெடுத்து, நிகழ்ச்சி முடிந்ததும் சந்திக்க வைத்தார்கள். கட்டணம் எதுவும் இல்லை.

நான்காவதுதான் நம்மூர் ரசிகருக்கு அதிகம் கைகொடுக்கும் வழி: சின்ன நிகழ்ச்சிகள். கல்லூரிக் கலைவிழா, நூறு இருநூறு பேர் மட்டும் உட்காரும் அரங்கம், அரசு நடத்தும் கலைவிழாக்கள் போன்ற இடங்களில் மேடைக்கும் கூட்டத்துக்கும் தூரம் குறைவு. டி-ஷர்ட் விற்கும் மேசைக்குக் கலைஞர்களே வந்து நிற்பதும் நடக்கும். செங்கோட்டையைத் தாண்டினால் கேரளா. தைக்குடம் பிரிட்ஜ் மாதிரியான குழுக்களின் ஊர் அது. கடையநல்லூர்க்காரருக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரம் பக்கம் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

எது வலை?

‘பேக்ஸ்டேஜ் பாஸ் இருக்கு, ஜிபே பண்ணுங்க’ என்று இன்ஸ்டாகிராமில் வரும் மெசேஜ் அத்தனையும் சந்தேகத்துக்கு உரியவை. கோல்ட்ப்ளே குழு 2025 ஜனவரியில் மும்பையிலும் அகமதாபாத்திலும் பாடியபோது, டிக்கெட்டுக்கே என்ன நடந்தது என்று நாடே பார்த்தது. சில ஆயிரம் ரூபாய் டிக்கெட் மறுவிற்பனையில் லட்சங்களில் பேசப்பட்டது. போலி டிக்கெட், கள்ளச்சந்தை புகார்களால் அமலாக்கத் துறை பல நகரங்களில் சோதனை நடத்தியது.

பிரபலமே நேரில் சாட் செய்வதாக நம்ப வைப்பது இன்னொரு ரகம். நடிகர் பிராட் பிட் பெயரில் செயற்கை நுண்ணறிவுப் படங்களை அனுப்பி, பிரான்ஸில் ஒரு பெண்ணிடம் 8,30,000 யூரோ பறித்த கதை 2025-ல் வெளிவந்தது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பணம் திரும்பும் வாய்ப்பு குறையும். சந்திக்கலாம் என்று சிறுவர்களைத் தனியாக யாராவது அழைத்தால் 1098.

முண்டியடித்தால் என்ன ஆகும்?

2023 நவம்பர் 25 அன்று கொச்சி குசாட் பல்கலைக்கழகத்தில் நிகிதா காந்தியின் நிகழ்ச்சி. மழை பெய்ததும் வெளியே நின்ற கூட்டம் உள்ளே பாய்ந்தது. நான்கு பேர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 10 அன்று சென்னை பனையூரில் ஏ.ஆர்.ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சியில், டிக்கெட் வாங்கியவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். 2024 பிப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரன் நிகழ்ச்சியின்போது கூட்டம் தடுப்புகளை உடைத்துக்கொண்டு முன்னே வந்ததில் நிகழ்ச்சியே தடைபட்டது.

‘ரசிகர்களுக்கு ஒழுக்கம் இல்லை’ என்று இதை முடித்துவிடுவது சுலபம். கொஞ்சம் யோசித்தால், வாசல் எங்கே என்று தெரியாத கூட்டம்தான் தடுப்பை உடைக்கிறது. தனக்கு முறை வரும் என்று தெரிந்தவர் வரிசையில் நிற்பார். ரேஷன் கடையில் டோக்கன் கொடுத்தால் தள்ளுமுள்ளு குறைகிறதே, அதே கணக்குதான்.

அப்போ யார் என்ன செய்யணும்?

நிகழ்ச்சி நடத்துபவர்கள் டிக்கெட் பக்கத்திலேயே நான்கு விஷயங்களை எழுதட்டும். சந்திப்பு உண்டா இல்லையா? உண்டென்றால் எத்தனை பேருக்கு? எந்த முறையில் தேர்வு? ரத்தானால் அந்தப் பணம் திரும்ப வருமா? ‘சந்திப்பு கிடையாது’ என்பதாக இருந்தாலும் அதையும் பளிச்சென்று சொல்லட்டும். அந்த ஒரு வரி போதும், பாதி மோசடிக்காரர்கள் கடையைச் சாத்திவிடுவார்கள்.

அடுத்தது, சந்திப்பு இடங்களில் ஒரு பங்காவது இலவசக் குலுக்கலுக்கு வேண்டும். அதில் வெளியூர் மாணவர்களுக்குத் தனி இடம் ஒதுக்கலாம். கோல்ட்ப்ளே குழுவே இந்தியாவில் 2,000 ரூபாய்க்குக் கொஞ்சம் டிக்கெட்டுகளைத் தனியாக ஒதுக்கியது. டிக்கெட்டில் முடிந்தது சந்திப்பில் முடியாதா? ‘கலைஞருக்கும் களைப்பு இருக்காதா’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயம்தான். யாரையும் சந்திக்க மறுக்கும் உரிமை கலைஞருக்கு உண்டு. இருபது பேர் போதும், பதினைந்து நிமிடம் போதும். ஆனால் அந்த இருபது பேரும் பணக்காரர்களாகவே இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பெற்றோருக்கும் இதில் வேலை உண்டு. ‘என்ன பைத்தியம் இது’ என்று போனைப் பிடுங்கினால் பிள்ளை அடுத்த தடவை சொல்லாமல்தான் கிளம்பும். குழு இப்போது எங்கே இருக்கிறது, எப்போது இந்தியா வரும், டிக்கெட் எங்கே விற்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து தேடலாம். 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் கூடவே ஒருவர் போகலாம். இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும் என்பது விதி. அதன் பிறகு மேடைக்குப் பின்னால் காத்துக் கிடப்பதைவிட, ஊர் திரும்பும் ரயிலை முன்பே முடிவு செய்துவிட்டுப் போவது நல்லது.

துண்டுச் சீட்டு மேடைக்குப் போன காலத்தில் கலைஞரைப் பார்க்க எந்த வழி என்று கொடைக்கு வந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆயிரக்கணக்கில் பணம் வாங்கும் இன்றைய நிகழ்ச்சிகளிடம் ரசிகர்கள் கேட்பதும் அதைத்தான்.