டிக்கட்டு எதுவரை செல்லும்?

சென்னை சென்ட்ரலைச் சுற்றிக் கூப்பிடு தூரத்துக்குள் நான்கு ரயில்வே ஸ்டேஷன்கள் இருக்கின்றன. தூரப் பிரயாணத்துக்குச் சென்ட்ரல். அதையடுத்துப் புறநகர் வண்டிகளுக்கு மூர் மார்க்கெட் கட்டடம். தாம்பரம் மார்க்கத்துக்குப் பார்க். வேளச்சேரி மார்க்கத்துக்குப் பார்க் டவுன். பூமிக்கடியில் மெட்ரோ வேறு. சிந்தாதிரிப்பேட்டையில் வண்டியேறும் ஏழைப் பிரயாணிக்குத் தன் கையிலுள்ள டிக்கட்டு இவற்றுள் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதை யார் சொல்லுகிறார்கள்?

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து தாம்பரம் போகிறவர் பார்க் டவுனில் இறங்கி, பார்க் ஸ்டேஷனுக்கு நடந்து சென்று வண்டி மாறுவது வழக்கம். பார்க் டவுன் வரையில் மட்டும் டிக்கட்டு வாங்கியிருந்தால் அதன் ஆயுள் அங்கேயே முடிந்துவிடுகிறது. புறநகர் டிக்கட்டு எக்ஸ்பிரஸ் வண்டிக்குச் செல்லாது. மெட்ரோவோ வேறு ஸ்தாபனம். அதற்குத் தனி டிக்கட்டு. தவறினால், 1989ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 138வது பிரிவுப்படி, கட்டணத்துக்கு மேல் குறைந்தது 250 ரூபாய் செலுத்தவேண்டும். மோசடி செய்பவனைத் தண்டிக்க 137வது பிரிவு தனியே இருக்கிறது. அறியாமல் வந்தவனோ 138க்குத் தப்ப முடியாது.

ஆனால் சட்டம் ஜனங்களுக்கு மட்டுமா கடமை விதிக்கிறது? வண்டிகளின் நேரங்களையும் கட்டண ஜாபிதாவையும் ஹிந்தி, ஆங்கிலம், பிரதேச பாஷை ஆகிய மூன்றிலும் யாவரும் காணுமிடத்தில் ஒட்டவேண்டுமென்று அதே சட்டத்தின் 49வது பிரிவு நிர்வாகத்துக்குக் கட்டளையிடுகிறது. பிரயாணி தன் பாஷையில் அறிந்துகொண்டு பணங் கொடுக்கவேண்டும் என்பதே இதன் தாத்பரியம். எங்கே மாறலாம், எந்த மார்க்கமாகப் போகலாம் என்பதைச் சொல்லாத கட்டண ஜாபிதா பாதி ஜாபிதாதான்.

பீச்–எழும்பூர் நான்காவது பாதை வேலைக்காக 2023 ஆகஸ்டு முதல் 2024 அக்டோபர் வரை வேளச்சேரி வண்டிகள் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றன. பதினான்கு மாத காலம் ஜனங்கள் தெருவழியே சென்று வண்டி மாறினார்கள். இவ்வளவு பொறுமையுள்ளவர்களுக்குத் தெளிவான தமிழில் நான்கு வரி எழுதிவைப்பது பெரிய காரியமன்று. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் யாவற்றுக்கும் பொதுவாக 'சென்னை ஒன்' செயலி 2025இல் வந்ததை வரவேற்கிறோம். எனினும் கைபேசி பழகாத கிழவனும் பிரயாணிதானே?

வாசகர்களுக்கு நாம் கூறுவது இது: டிக்கட்டு ஜன்னலில் மாறும் ஸ்டேஷனைச் சொல்லாதீர்கள், போய்ச்சேரும் ஊரைச் சொல்லி, அதுவரைக்கும் ஒரே டிக்கட்டாகக் கேட்டு வாங்குங்கள். தென்னக ரயில்வே அதிகாரிகளுக்கு நாம் கூறுவது: முதலில் விதியைச் சொல்லுங்கள், பிறகு அபராதம் கேளுங்கள். அதுவே நியாயம்.