டெங்கு ஒருமுறை வந்தவருக்கு விலக்கு உண்டா?

நாங்கள் படித்த பிரெஞ்சில் நோய் எதிர்ப்புக்கு 'இம்யுனிதே' என்று பெயர். வரிவிலக்கைக் குறித்த பழைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. டெங்குவில் அந்த விலக்கை நம்பி இருக்கக்கூடாது என்பது என் கருத்து.

"எனக்குத்தான் ஒருதரம் வந்துபோயிற்றே" என்கிறார்கள் நம் வயதுக்காரர்கள். டெங்கு வைரஸில் 4 வகை. வந்துபோன வகைக்கு மட்டுமே நீடித்த பாதுகாப்பு. அடுத்து வேறு வகை வந்தால், பழைய எதிர்ப்புப் பொருள் அதை அழிக்காமல் ஒட்டிக்கொண்டு, அணுக்களுக்குள் நுழைய வழிவிடக்கூடும். உடல் அளவுக்கு மீறிப் போராடும். அதில் இரத்தக் குழாய்ச் சுவர் தளர்ந்து நீர் கசியும். இரத்தம் கெட்டியாகும், அழுத்தம் விழும்.

இது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில், 3 முதல் 7 நாளுக்குள் நடக்கும். நாமோ "காய்ச்சல் விட்டது" என்று நிம்மதியாகிவிடுகிறோம்! பிளேட்லெட் எண்ணிக்கையோடு, 'ஹெமட்டோகிரிட்' ஏறுகிறதா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த அசதி கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலிக்கு நீங்களாக ஆஸ்பிரின் போடாதீர்கள்; இதயத்துக்காக ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.