திகதி போட்ட தாள்

காசோலை இனி எதற்கு என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். அவர்களிடம் காரணங்களும் உண்டு. நியூசிலாந்து வங்கிகள் 2021ஆம் ஆண்டோடு காசோலையைக் கைவிட்டுவிட்டன. அவுஸ்திரேலியாவும் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. நம் நாட்டிலும் 2015 முதல் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு உடனுக்குடன் பணம் அனுப்பலாம். மின்பட்டியலுக்கும் வகுப்புக் கட்டணத்துக்கும் காசோலை வேண்டாம்தான். அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் நம் ஊர் வியாபாரத்தில் காசோலை என்பது பணம் கொடுக்கும் வழி மட்டுமல்ல. கடன் வாங்கும் வழியும் அதுதான்.

மருதமுனையில் என் மாமி வீட்டில் மூன்று தறிகள் இருக்கின்றன. சாரமும் சேலையும் நெய்து புறக்கோட்டைக் கடையொன்றுக்கு அனுப்புகிறார். கடைக்காரர் கையில் காசு தருவதில்லை. அறுபது நாள் கழித்து வரும் திகதியைப் போட்டு ஒரு காசோலை தருவார். மாமி அதை அலுமாரியில் வைத்துக் காத்திருப்பதுமில்லை. நூல் வியாபாரியிடம் கொடுத்து அடுத்த பாவுக்கு நூல் எடுத்துவிடுவார். திகதி வருமுன்பே அந்தத் தாள் நூலாகி, நூல் சேலையாகிவிடும். அடகு வைக்க நகை வேண்டியதில்லை, வட்டி என்ற பேச்சும் இல்லை. வட்டிக்கு அஞ்சும் குடும்பங்களுக்கு இது சின்ன விடயமல்ல. கைத்தொலைபேசி இன்று கணக்கில் இருக்கும் பணத்தைத்தான் அனுப்பும். இரண்டு மாதம் கழித்து வரப்போகும் பணத்தை அது அனுப்புமா?

காசோலையில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. திகதி நெருங்கும்போது கடையிலிருந்து அழைப்பு வரும்: "இப்ப பேங்குக்குப் போட வேணாம் ராத்தா, இன்னும் ரெண்டு கிழமை பொறுங்க." உடனே மாமி நூல்காரரிடம் ஓடிப்போய் அதே தவணையைக் கேட்க வேண்டும். மறுக்கப்பட்ட காசோலை எங்கள் கணக்கீட்டுப் பாடத்தில் ஒரு பதிவு. மாமிக்கு அது தலைகுனிவு. உண்மையைச் சொன்னால், அந்தப் பெரிய கடைக்குக் கடன் கொடுத்து நடத்துவதே இந்த மூன்று தறிகள்தான்!

இருந்தும் அவர் கையில் ஒரு தாள் இருக்கிறது. அதில் தொகை, திகதி, கையொப்பம் மூன்றும் இருக்கின்றன. கணக்கில் பணமில்லை என்று தெரிந்துகொண்டே காசோலை கொடுப்பது 1990ஆம் ஆண்டின் கடன் அறவீட்டுச் சட்டப்படி குற்றம். காசோலையை ஒழித்தால் கடைக்காரர் உடனே காசு தந்துவிடுவாரா? கடன் அப்படியே இருக்கும், அத்தாட்சி மட்டும் இராது. "அடுத்த மாதம் அனுப்புறேன்" என்ற வட்ஸ்அப் குரல்பதிவுக்கு எந்த நூல்காரர் நூல் தருவார்? கடனை எழுதி வைக்கச் சொல்லும் வசனமே அல்குர்ஆனில் மிக நீளமானது என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

பிரித்தானியாவில் 2018இல் காசோலையை நிறுத்துவதென்று 2009இல் இலக்கு வைத்தார்கள். முதியோருக்காகவும் தொண்டு நிறுவனங்களுக்காகவும் எதிர்ப்புக் கிளம்பியது. 2011இல் திட்டத்தையே கைவிட்டார்கள்.

நாம் வரிசையை மாற்றிச் செய்யலாம். திகதியும் தொகையும் குறித்து, இன்னொருவருக்குக் கைமாற்றவும் கூடிய ஒரு வாக்குறுதியை வங்கிகள் முதலில் தொலைபேசியில் கொண்டுவரட்டும். தவறினால் காசோலைக்குள்ள அதே சட்டம் அதற்கும் இருக்கட்டும். அது தமிழிலும் இருக்க வேண்டும்; மாமியின் வங்கிச் செயலி இன்னும் ஆங்கிலத்தில்தான் பேசுகிறது. அதைக் காட்டி மருதமுனையில் நூல் வாங்க முடிகிற நாளில் காசோலைப் புத்தகத்தை மூடுங்கள்.