வடிப்பதற்கும் ஒரு காலம் உண்டு

கணைய அறுவை சிகிச்சை முடிந்து, வீடு திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் வேளையில் நோயாளிக்குக் காய்ச்சல் காண்கிறது. சி.டி. ஸ்கேனில் வயிற்றுக்குள் நீர் சேர்ந்திருப்பது தெரிகிறது. அப்போது குடும்பத்தார் எங்களிடம் கேட்பவை பெரும்பாலும் இரண்டு கேள்விகள்: "ஆபரேஷனில் தவறு நடந்துவிட்டதா? மறுபடியும் வயிற்றைத் திறக்க வேண்டுமா?"

கணையம் மிருதுவான உறுப்பு. அதன் ஒரு பகுதியை அகற்றிய பின், வெட்டிய முனையிலிருந்து செரிமான நீர் கசிவது தேர்ந்த கைகளிலும் நேரக்கூடிய சிக்கலே. வால் பகுதியை அகற்றியவர்களிடம் இதனை அடிக்கடி காண்கிறோம். ஆகவே, நீர் சேர்ந்தது என்பதாலேயே தவறு நடந்தது எனக் கொள்ள வேண்டியதில்லை.

பெரும்பாலோருக்கு மீண்டும் வயிற்றைத் திறக்க வேண்டியதும் இல்லை. கசிந்த நீர் பல வேளைகளில் இரைப்பையின் பின்சுவரை ஒட்டியே தேங்குகிறது. முனையில் அல்ட்ராசவுண்ட் கருவி பொருத்திய எண்டோஸ்கோப்பை வாய்வழியே செலுத்தி, அந்தத் தேக்கத்தை நேரில் காண்கிறோம். இடையில் இரத்தக் குழாய் இல்லையென டாப்ளர் மூலம் உறுதிசெய்தபின், இரைப்பைச் சுவர் வழியே ஊசியால் துளையிட்டு ஸ்டென்ட் வைக்கிறோம். நீர் இரைப்பைக்குள்ளேயே வடிந்துவிடும். உடலுக்கு வெளியே குழாயும் பையும் தேவைப்படுவதில்லை. 1992-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர மருத்துவர்கள் கணைய நீர்க்கட்டி ஒன்றை இம்முறையில் வடித்ததை வெளியிட்டனர். அதன்பின் இது உலகெங்கும் பரவியது. தேக்கம் இரைப்பைக்குத் தொலைவில் இருந்தால், தோல் வழியே குழாய் வைப்பதே ஏற்றது.

இவ்வளவு எளிய வழி இருக்கும்போது உடனே வடித்துவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். இங்கேதான் நாங்கள் மாறுபடுகிறோம். தொந்தரவு தராத சிறு தேக்கங்கள் பல தாமாகவே வற்றிவிடும். துளையிடுவதால் இரத்தக் கசிவோ, கிருமித் தொற்றோ, ஸ்டென்ட் நழுவுதலோ நேரலாம். காய்ச்சல், வலி, வாந்தி, உண்ண இயலாமை போன்ற காரணம் இருந்தால்தான் அந்த ஆபத்தை ஏற்பது நியாயம். தேக்கத்தைச் சுற்றிச் சுவர் உருவாகியிருந்தால் வடிப்பது பாதுகாப்பானது. தொற்று கடுமையாக இருந்தால் அதற்காகக் காத்திருக்கவும் முடியாது. "ஒன்றும் செய்யாமல் வைத்திருக்கிறார்கள்" என்று தோன்றும் நாட்களிலும், காய்ச்சலையும் இரத்தப் பரிசோதனையையும் கவனித்தபடியே இருக்கிறோம். ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறவும் பொறுக்க வேண்டும்.

எங்களை மிகவும் கவலைக்குள்ளாக்குவது வேறொன்று. நீர் வடிந்ததும் காய்ச்சல் தணிகிறது, பசி திரும்புகிறது. ஸ்டென்ட் உள்ளே இருப்பதே மறந்துபோகிறது. உலோக ஸ்டென்டைப் பொதுவாக 3 அல்லது 4 வாரங்களில் எடுத்துவிட வேண்டும். தேக்கம் சுருங்கிய பின்னும் அது அங்கேயே இருந்தால் அருகிலுள்ள இரத்தக் குழாயை உரசிப் பெரும் இரத்தப்போக்கை உண்டாக்கலாம். இரைப்பைச் சுவருக்குள் புதைந்தும் போகலாம். பிளாஸ்டிக் ஸ்டென்டைச் சில வேளைகளில் கூடுதல் காலம் விட்டுவைப்பதுண்டு. அதை முடிவுசெய்ய வேண்டியவர் மருத்துவரே.

இந்த மறதிக்கு நோயாளியை மட்டும் குறைகூறுவது நேர்மையன்று. ஸ்டென்ட் வைத்த அன்றே, அது எவ்வகை, எந்நாளில் எடுக்க வேண்டும் என்பவற்றை டிஸ்சார்ஜ் சீட்டின் முதல் வரியிலேயே எழுதித் தருவது மருத்துவர்களாகிய எங்கள் கடமை என்று கருதுகிறோம். எழுதியிராவிட்டால் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. அந்தத் தேதியை வீட்டில் இன்னொருவரும் அறிந்திருக்கட்டும்.

இரத்த வாந்தியோ, கருநிற மலமோ, மயக்கமோ, குளிர்காய்ச்சலோ கண்டால் அந்தத் தேதி வரை காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். ஸ்டென்ட் வைத்த அன்றல்ல, அதை எடுத்து, ஸ்கேனில் தேக்கம் தீர்ந்ததைக் கண்ட பின்னரே இந்தச் சிகிச்சை நிறைவு பெறுகிறது.